கரண்ட் போனால் கதவைத் திறப்பது யார்?

நம் சங்க இதழில் கதை வருகிறது, கவிதை வருகிறது, பொங்கல் விழாப் படங்கள் வருகின்றன. கார் ஷெட் கதவுக்கு மோட்டார் மாற்றுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசக அன்பர்கள் வியக்கக் கூடும். முழுவதும் படித்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

என் சொந்த ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். வரைபடத்தில் கேரளம், வீட்டிலும் வீதியிலும் தமிழ்தான். கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சீமை. அப்பாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். நான் நியூ ஜெர்சியில். உடனிருந்து செய்ய முடியாததை எல்லாம் ஒரு பொருளாக வாங்கிக் கொடுத்துவிட்டு ஆறுதல் அடைகிற நம்மில் பலருள் நானும் ஒருவன்.

எங்கள் கார் ஷெட்டுக்கு இரும்பு ரோலிங் ஷட்டர். அப்பா கொக்கிக் கம்பியை மாட்டி அதை இழுத்துச் சிரமப்படுவதைப் பார்த்துவிட்டு, ஒரு விடுமுறையில் மோட்டார் பொருத்தினேன். ரிமோட்டை அழுத்தியதும் ஷட்டர் தானாக மேலே ஏறியது. அப்பா அக்கம்பக்கத்தாரை அழைத்து நாலு தடவை ஏற்றி இறக்கிக் காட்டினார். எனக்கும் பெருமைதான். அந்த மோட்டாருடன் ஒரு கைச்சங்கிலியும் தொங்கியது. மின்சாரம் இல்லாதபோது அதை இழுத்து ஷட்டரைத் தூக்க வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைச் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, உயரே கட்டி வைத்தேன். கட்டியவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதம். இங்கே காலை பத்து மணி. அங்கே இரவு ஏழரை. அலுவலகத்தில் இருந்தபோது அம்மாவின் போன்.

"கண்ணு, அப்பா நெஞ்சு வலிக்குதுங்கறாரு. இடி இடிச்சு கரண்ட் போயிருச்சு சாமி. ஷட்டரு தூக்க மாட்டேங்குது."

"அம்மா, மேல ஒரு சங்கிலி கட்டியிருக்குதும்மா. அதை இறக்கி இழுக்கோணும்."

"எங்க கண்ணு? இருட்டுல ஒண்ணுந் தெரியலையே."

பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஓடி வந்து, கார் பானட்டின் மேல் ஏறி, செல்போன் வெளிச்சத்தில் பையைக் கிழித்துச் சங்கிலியை இறக்கினான். எண்ணெய் காணாமல் துருப்பிடித்திருந்தது. ஷட்டர் கார் போகும் அளவுக்கு உயர அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவனே காரை ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அப்பா பிழைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதாக அம்மா சொன்னார். அந்த ஒரு வரி என் காதை விட்டுப் போகவில்லை.

அன்று விழுந்த இடியில் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பலகையும் எரிந்து போயிருந்தது. ஆகவே டிசம்பரில் ஊருக்குப் போனபோது முதல் வேலை வேறு மோட்டார் வாங்குவது.

அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வேண்டாம்

"இங்கே கிடைக்கும் கராஜ் ஓப்பனர் ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடு" என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். நல்லெண்ணம்தான், ஆனால் பயன்படாது. இங்குள்ள கருவி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்குள்ள ரிமோட்டுகள் பெரும்பாலும் 315 அல்லது 390 மெகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. இந்தியாவில் வழக்கமாகக் கிடைப்பவை 433. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் அமெரிக்க வீட்டுக் கதவு பலகை பலகையாக மடங்கி, தண்டவாளத்தில் ஏறிக் கூரையடியில் படுத்துக்கொள்வது. ஊர்க் கதவோ பாய் போலச் சுருள்வது. ஒன்றை இழுக்கும் கருவி மற்றொன்றுக்குப் பொருந்தாது. கெட்டுப்போனால் பழுது பார்க்க அங்கே ஆளும் உதிரிப் பாகமும் இருக்க வேண்டாமா?

மோட்டார் தூக்குவதில்லை

ஷட்டர் வேலை செய்யும் தொழிலாளி ஒருவரை அழைத்து வந்தேன். எந்த மோட்டார் நல்லது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "மோட்டார் கெடக்கட்டுங்க. மொதல்ல ஷட்டரக் கையில தூக்கிப் பாப்போம்" என்றார். மோட்டாரையும் ஷட்டரையும் இணைக்கும் சங்கிலியைக் கழற்றினார். மூன்று பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. உருளைக்குள் இருந்த ஸ்பிரிங்குகளில் ஒன்று எப்போதோ உடைந்திருந்தது. பழைய மோட்டார் அத்தனை பாரத்தையும் தனியே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அது சத்தம் போடாமல் இழுத்ததால் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

இதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். கதவின் பாரத்தைத் தாங்க வேண்டியது ஸ்பிரிங் அல்லது எதிர் எடை. மோட்டார் வெறுமனே ஒரு கை கொடுக்கிறது. அமெரிக்கக் கராஜ் கதவுக்கும் இதே விதிதான். கதவின் மேலே முறுக்கி வைத்திருக்கும் கனத்த ஸ்பிரிங்தான் அதைத் தூக்குகிறது. ஸ்பிரிங் தளர்ந்ததை அறியாமல் மோட்டாரின் மீது பழி போட்டு, அதைவிடப் பெரிய மோட்டார் வாங்குகிறவர்கள் நம்மிடையே ஏராளம்.

எங்கள் வட்டத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. பரம்பிக்குளம் அணை சித்தூர் வட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அதற்குச் சாலை வழி, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். அணையை இயக்குவதும் தமிழ்நாடு. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் அந்த அணையின் ஒரு ஷட்டர் உடைந்து, தண்ணீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டார்கள். ஷட்டரின் எதிர் எடையைப் பிடித்திருந்த பிணைப்பு முறிந்ததே காரணம். 2024 ஆகஸ்டில் கர்நாடகத்துத் துங்கபத்திரை அணையிலும் 19ஆம் எண் மதகின் சங்கிலி அறுந்து மதகே அடித்துச் செல்லப்பட்டது. அணை மதகானாலும் கார் ஷெட்டானாலும் கதை ஒன்றுதான். பாரம் தாங்குவது எதுவோ அதைப் பார்க்காமல் விட்டால், மோட்டாரும் சுவிட்சும் இருந்தும் பயனில்லை.

எதை வாங்கினோம்?

முதலில் ஸ்பிரிங்குகளை மாற்றினோம். பக்கவாட்டுத் தண்டவாளங்களை நிமிர்த்தி, மசகு பூசினோம். அதன் பிறகு இரண்டு கையால் தூக்கினால் ஷட்டர் எழுந்தது. இடுப்பளவில் விட்டால் அங்கேயே நின்றது. பிறகுதான் மோட்டார். இம்முறை உருளையின் நடுவில் பொருத்தும் வகையை வாங்கினோம். இதில் ஒரு விடுவிப்புக் கம்பி உண்டு. அதை இழுத்தால் மோட்டாரின் பிரேக் விடுபட்டு, ஷட்டரைக் கையாலேயே தூக்கலாம். ஸ்பிரிங் சரியாக இருந்தால் மட்டும்தான் இது நடக்கும் என்பதை மறக்கக் கூடாது. கம்பியின் கைப்பிடியை அம்மாவின் தோள் உயரத்தில், ஷெட்டுக்குள், கண்ணில் படும் இடத்தில் மாட்டினோம். சிவப்பு வண்ணம் அடித்தோம். அழகைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

வேறு சில செலவுகளும் செய்தோம். அங்கே ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலுக்கு மேல் இடி மின்னல் அதிகம். ஆகவே நல்ல எர்த் இணைப்பு, மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் கருவி, இடி கேட்டதும் அணைத்துவிடத் தனி சுவிட்ச். வீட்டு இன்வெர்ட்டரில் மோட்டாரை இணைக்கும் முன், அது கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் மின்சாரத்தை இன்வெர்ட்டர் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டோம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் துளைகளை அடைத்தோம். எறும்பும் பல்லியும் குடியேறுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதையாக, மோட்டாருக்குக் கொடுத்துவிட்டு இவற்றுக்குத் தயங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

குமுளிக்கு வேறு நியாயம்

என் மனைவியின் பிறந்த வீடு இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்குப் பக்கம் ஏலத்தோட்டப் பகுதியில். மச்சானுக்கு விஷயம் தெரிந்ததும், "மாப்பிள்ளை, உங்க வீட்டுல போட்டதையே நம்ம கேட்டுக்கும் போட்டுடலாமா?" என்று கேட்டார். அவர் வீட்டில் இருப்பது பக்கவாட்டில் உருளும் இரும்பு கேட். வாசலோ மலைச்சரிவு. சாவி போட்டு மோட்டாரை விடுவித்ததும், சரிவில் நிற்கும் கேட் தானே உருண்டு வந்து ஆளை இடித்துவிடும். சமதளத்தில் பாதுகாப்பாக இருப்பது அங்கே ஆபத்து. ஆகவே முதலில் கேட் ஓடும் தண்டவாளத்தை மட்டப்படுத்தவும், இரு முனைகளிலும் உறுதியான தடுப்பு வைக்கவும் சொன்னேன். மழையும் மூடுபனியும் நிறைந்த ஊர் என்பதால் ஈரம் புகாத பெட்டியும் தேவைப்பட்டது. ஒரு வீட்டுக்குச் சரியானது மறு வீட்டுக்கும் சரி என்று நினைப்பது, ஒருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டை அடுத்தவரும் வாங்கிக்கொள்வது போலத்தான்.

"இங்கிருந்தே திறக்கலாமே!"

இப்போது செல்போன் செயலியால் இயங்கும் மோட்டார்கள் வந்துவிட்டன. "நியூ ஜெர்சியில் உட்கார்ந்தபடியே ஊர்க் கதவைத் திறக்கலாமே" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கதவு திறந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்டோபர் இரவில் ஊரில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் வீட்டு இணையமும் இல்லை. என் கையில் எத்தனை செயலி இருந்து என்ன? திறந்தது பக்கத்துத் தோட்டத்துப் பையனின் கை. இன்னொன்றும் உண்டு: கதவடியில் யார் நிற்கிறார் என்று தெரியாமல் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இரும்பு ஷட்டரை இறக்குவது சரியா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு அமெரிக்கா விலை கொடுத்துப் பாடம் கற்றிருக்கிறது. தானியங்கிக் கதவுகளின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகு, 1990இல் இங்கே சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்படும் வீட்டுக் கராஜ் ஓப்பனர்கள் யூ.எல். 325 என்னும் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட வேண்டும். எதிலாவது இடித்தால் கதவு திரும்பி மேலே போக வேண்டும். தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாமல் இருபுறமும் ஒளிக்கண் போன்ற கூடுதல் காவலும் வேண்டும். 2017இல் கலிபோர்னியக் காட்டுத்தீயின்போது மின்சாரம் அறுந்து, கராஜ் கதவைத் திறக்க முடியாமல் முதியோர் தவித்தனர், சிலர் உயிரிழந்தனர். அதனால் 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் விற்கும் வீட்டு ஓப்பனர்களில் பாட்டரி கட்டாயம். நம் ஊர்க் கடைகளில் விற்கும் ஷட்டர் மோட்டார்களில் பெரும்பாலும் ஒளிக்கண் சேர்ந்து வருவதில்லை. கேட்டு வாங்கிப் பொருத்த வேண்டும். கோடை விடுமுறைக்கு நம் பிள்ளைகள் அங்கேதானே போய் ஓடி விளையாடுகிறார்கள்?

ஒரு மணி நேரம் போதும்

ஊர் வீடோ இந்த நாட்டு வீடோ, அன்பர்கள் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு, கதவு கீழே இறங்கியிருக்கும் நிலையில் மோட்டாரை விடுவியுங்கள். இங்குள்ள கராஜில் அதற்குத்தான் சிவப்புக் கயிறு தொங்குகிறது. கதவைப் பாதிவரை தூக்கிப் பாருங்கள். நிற்காமல் கீழே விழுந்தாலோ, தூக்கவே முடியாவிட்டாலோ குறை ஸ்பிரிங்கில்; ஸ்பிரிங்கில் நீங்கள் கை வைக்காதீர்கள், பழகியவர்களை அழையுங்கள். முறுக்கிய ஸ்பிரிங் கையை முறித்துவிடும். பிறகு மின்சாரத்தைப் போட்டு, ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையைப் படுக்க வைத்துக் கதவை இறக்குங்கள். கட்டையில் பட்டதும் திரும்பி ஏறாத கராஜ் ஓப்பனரைச் சரிசெய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.

கடைசிச் சோதனைதான் முக்கியம். வீட்டில் யாருக்கு வலு குறைவோ அவரை அழைத்து, இருட்டில், நீங்கள் பேசாமல் நிற்க, அவரையே கதவைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த மோட்டார் வாங்குவது என்பதைப் பணம் கொடுக்கிற நாம் முடிவு செய்யக் கூடாது. உள்ளே இருக்கப் போகிறவரின் கைதான் முடிவு செய்ய வேண்டும்.

நான் கிளம்புவதற்கு முந்திய இரவு மெயின் சுவிட்சை அணைத்தேன். அம்மா தடவிப் போய்ச் சிவப்புக் கைப்பிடியை இழுத்தார். ஷட்டரைத் தோள்வரை தூக்கினார். பிறகு கொக்கிக் கம்பியால் மேலே தள்ளினார். "இது தூக்கற மாதிரித்தான் இருக்குது. முன்னாலயே இப்படிப் பண்ணியிருக்கலாமல்ல கண்ணு?" என்று கேட்டார்.

பண்ணியிருக்கலாம். நான் தாமதமாகச் செய்ததை நீங்கள் அடுத்த விடுமுறையிலேயே செய்துவிடுங்கள்.