ஒளியும் புற்றுநோய்ச் சிகிச்சையும்

இருளில் விளக்கொளியை உள்ளங்கையால் மறைத்தோர், விரல்கள் செந்நிறமாய் ஒளிர்வதைக் கண்டிருப்பர். செவ்வொளி தசையை ஊடுருவும் என்னும் இவ்வெளிய உண்மையே ஓர் அரிய முறைக்கு அடிப்படையாயிற்று. பிராணவாயு ஏற்ற இரத்தமும் அதனை இழந்த இரத்தமும் சிவப்பொளியையும் அதனை அடுத்துள்ள அகச்சிவப்பொளியையும் வெவ்வேறு அளவில் உட்கொள்கின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டு, மூளையின் பிராணவாயு நிலையைக் கத்தியின்றியே அறியலாமென 1977ஆம் ஆண்டில் யோப்சிஸ் என்னும் அறிஞர் காட்டினார்.

இது புற்றுநோயாளர்க்கு எங்ஙனம் பயன்படும்? பிராணவாயு குன்றிய கட்டிகள் கதிர்வீச்சுக்கு எளிதில் அடங்கா என்பதைக் கிரே முதலியோர் 1953இலேயே எடுத்துரைத்தனர். மருந்தேற்ற கட்டி சுருங்குதற்கு வாரங்கள் செல்லும். அதன் குருதிநிலையோ முன்னரே மாறக்கூடும். குணமடையும் மார்பகக் கட்டிகளில் முதல்நாளிலேயே அத்தகைய மாறுதலைக் கண்டதாகக் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர் 2011இல் வெளியிட்டனர்.

ஒளி உடலுள் நெடுந்தூரம் செல்லாதாதலின், ஆழ்ந்துள்ள கட்டிகட்கு இம்முறை உதவாதென்பது மெய்யே. எனினும், பயன்தராத கடுமருந்தை ஒருவர் மாதக்கணக்காய்த் தாங்குதல் கொடிதன்றோ? கட்டி சிறுத்ததா என இறுதியில் நோக்குவதினும், மருந்து வேலை செய்கின்றதா என இடையிடையே வினவுதலே அறமென்பது எம் கருத்து. அவ்வினாவை நோயாளர்க்கு வலியின்றி எழுப்பவல்ல இம்முறையைப் பலரிடத்தும் சோதித்துத் தெளிந்து, ஆய்வுக்கூடத்தினின்று நோயாளியின் படுக்கையருகே கொணர்தல், விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர்க்குத் தக்கதொரு தொண்டாகும்.