‘அக்கா’ என்றழைத்துக் கூலியைக் குறைக்கலாமா?

இவ்வாரத் தியானப் பகுதி: எரேமியா 22:13-17, மத்தேயு 10:8-10, அப்போஸ்தலர் 9:36-42

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,



கெலவரப்பள்ளியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் சபையார் வாழும் தெருக்களில் நடந்தால், பல வீடுகளின் முன்னறையிலிருந்து தையல் இயந்திரத்தின் ஓசை கேட்கும். கணவர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போயிருப்பார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மனைவி ஜன்னலோரம் அமர்ந்து தைத்துக்கொண்டிருப்பார். சிலருக்கு அந்த இயந்திரம், சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் அரசு இலவசமாகக் கொடுத்தது. இயந்திரம் இலவசமாக வந்ததால் அதில் தைப்பதும் இலவசமே என்று எண்ணுகிறவர்களும் நம்மிடையே உண்டு.

நாம் வாழ்வது மும்மொழியும் புழங்கும் எல்லைப் பகுதி. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘அக்கா’ என்ற சொல் ஒன்றாகவே இருப்பது ஓர் அழகு. ஆனால் அந்த அழகிய சொல் மூன்று மொழியிலும் தள்ளுபடி கேட்கும் சொல்லாகிவிட்டது. ஆராதனை முடிந்து வாசலில் செருப்புத் தேடும் நேரத்தில் அது தொடங்குகிறது. “அக்கா, வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணம். இந்த ஒரு ரவிக்கை மட்டும் தைத்துக் கொடுத்துவிடுங்கள். நமக்குள்ளே என்ன கணக்கு?”

இந்த ‘நமக்குள்ளே என்ன கணக்கு’ என்ற வாக்கியத்தை எதிர்த்தே இவ்வாரம் எழுதுகிறேன். கேட்பதற்கு இது ஐக்கியத்தின் மொழிபோல இருக்கிறது. உண்மையில் அது ஒருவருடைய கூலியைப் பிடித்துக்கொள்வதற்குப் போர்த்தப்பட்ட போர்வை. யோசியாவின் குமாரனாகிய யோயாக்கீம் தன் அரண்மனையைக் கட்டியபோது, அயலானிடம் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாமற் போனான். அவனுக்கு ஐயோ என்று எரேமியா கூறினார். அதே பகுதியில் அவர் சொல்லும் இன்னொன்றையும் கவனியுங்கள். யோசியா ஏழையின் வழக்கை நியாயம் விசாரித்தான். அப்படிச் செய்வதே தம்மை அறிகிற அறிவு என்று கர்த்தர் சொல்லுகிறார். நாம் தேவனை அறிந்திருக்கிறோமா என்பது ஞாயிறன்று பாடும் பாட்டினால் அல்ல, திங்களன்று கொடுக்கும் கூலியினால் சோதிக்கப்படுகிறது.

“சொந்தக்காரரிடம் பணம் வாங்குவதா?” என்று கேட்பவர்கள் ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனத்தை வாசிக்கட்டும். லாபான் எப்படிப்பட்டவன் என்பது நமக்குத் தெரியும். பேராசைக்காரன், பேசிய சம்பளத்தை மாற்றி மாற்றி வஞ்சித்தவன். அப்படிப்பட்டவனே தன் சகோதரியின் மகனான யாக்கோபைப் பார்த்து, நீ என் உறவினன் என்பதால் எனக்குச் சும்மா வேலை செய்யலாமா, உன் கூலி எவ்வளவு என்று சொல் என்றான். லாபானுக்குத் தோன்றிய அந்தக் கேள்வி, மறுபடியும் பிறந்தவர்களாகிய நமக்குத் தோன்றாமற் போனது ஏன்?

கணக்கு வேண்டாம் என்கிறவர்களுக்காகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லைனிங் ரவிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். லைனிங் துணியை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். இல்லையேல் முதல் துவைப்பிலேயே சுருங்கும். அளவு ரவிக்கையை விரித்து அளவெடுத்து, இரு துணிகளையும் வெட்ட வேண்டும். டாட் பிடித்து, முன்பாகம், முதுகு, கை, பட்டி என ஒவ்வொன்றாய் இணைத்து, கழுத்துக்குப் பைப்பிங் கொடுத்து, கொக்கி வைத்து, கையால் எம்மிங் செய்து முடிக்க வேண்டும். இதற்கு நான்கு மணி நேரம் என்றும், கூலி 350 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். லைனிங் துணி, நூல், கொக்கி, மின்சாரம் ஆகியவற்றுக்கு 100 ரூபாய் போனால் மீதி 250. மணிக்கு 62 ரூபாய் 50 காசு. இப்போது நீங்கள், “நம் சபைதானே, 200 வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறீர்கள். துணிக்கடைக்காரர் அந்தச் சகோதரிக்காக லைனிங் விலையைக் குறைக்கவில்லை. மின்வாரியமும் குறைக்கவில்லை. நீங்கள் குறைத்த 150 ரூபாய் முழுவதும் அவருடைய உழைப்பிலிருந்தே போகிறது. அவருக்கு மிஞ்சுவது 100 ரூபாய், மணிக்கு 25. விலையில் பாதிக்கும் குறைவாகத்தான் குறைத்தோம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் கூலியிலோ ஐந்தில் மூன்று பங்கு போய்விட்டது. முழுவதும் இலவசமாகத் தைத்துக் கொடுத்தாலோ, நான்கு மணி நேரம் குனிந்து உழைத்ததோடு தம் கையிலிருந்து 100 ரூபாயையும் உங்களுக்குக் கொடுத்தனுப்புகிறார்.

ஆரி வேலைப்பாட்டைப் பற்றி என்ன சொல்வது? சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மணி மணியாய்க் கோத்து, கண்ணும் முதுகும் நோகப் பல நாள் செய்யும் வேலை அது. அதைப் பார்த்து, “யூடியூபில் பார்த்தேன், சுலபமாகத்தான் இருக்கிறது” என்கிறார்கள். சுலபமானால் நீங்களே செய்யலாமே!

இந்தப் பேரத்தை நீதிமொழிகளின் ஞானி அன்றே கண்டிருக்கிறார். 20:14ஐப் பாருங்கள். வாங்கும்போது நன்றாயில்லை என்று குறை சொல்லி விலையை இறக்குகிறவன், அப்பால் போனதும் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளுகிறான். “கை சற்று இறுக்கம்” என்று சொல்லி 50 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, அதே ரவிக்கையை அணிந்து, “எங்கள் சபையிலேயே தைத்தது, பாதி விலைதான்” என்று கல்யாண மண்டபத்தில் பெருமை பேசுகிறவர்களைப் பற்றித்தான் அந்த வசனம்.

நம் ஊரின் அருகே இரு சக்கர வாகனங்களும் கைக்கடிகாரங்களும் உருவாகின்றன. அவற்றை விற்கும் கடைக்குப் போய், “தம்பி, நாமும் இந்த ஊர்தான், பாதி விலைக்குக் கொடுங்கள்” என்று உங்களில் யாராவது கேட்டதுண்டா? அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கொடுக்கிறோம். பெண்ணொருத்தி வீட்டில் அமர்ந்து கையால் செய்ததற்கு மட்டுமே விலையில்லை என்கிறோம். சமையலும் துவைப்பும் வீட்டில் இலவசமாகக் கிடைத்துப் பழகிவிட்டதால், தையலையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டோம். சகோதரர்களே, உங்களையும் கேட்கிறேன். தொழிற்சாலையில் உடன் வேலை செய்கிறவரிடம், “என் வீட்டில் தைத்துத் தருவார்கள், கொண்டு வாருங்கள்” என்று மனைவியைக் கேளாமல் வாக்குக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் தந்தது யார்? உங்கள் ஓவர்டைம் பணத்தை அவர் இப்படி யாருக்காவது வாக்களித்ததுண்டா?

“இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லையா?” என்று வேதத்தையே எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது மத்தேயு 10:8. வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்கவும் பிசாசுகளைத் துரத்தவும் பெற்ற வரத்தைக் குறித்து ஆண்டவர் அங்கே பேசுகிறார். அந்த வரத்தை விலை கொடுத்து வாங்கியவர் யாருமில்லை. தையலோ அப்படி வந்ததல்ல. பயிற்சிக் கட்டணம் கட்டி, துணிகளை வெட்டிக் கெடுத்து, விரலில் ஊசி ஏறி, வருடக்கணக்கில் கற்றது. மேலும் இரண்டு வசனம் தாண்டினால், அதே வாயினால் ஆண்டவர், வேலை செய்கிறவன் தன் ஆகாரத்துக்குப் பாத்திரன் என்று சொல்லுகிறார். எட்டாம் வசனத்தை மனப்பாடமாய் வைத்திருப்பவர்கள் பத்தாம் வசனத்துக்கு முன்பே வேதத்தை மூடிவிடுவது விந்தை!

அடுத்து தொற்காளை அழைத்து வருவார்கள். யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் அங்கிகளையும் வஸ்திரங்களையும் செய்து கொடுத்தது உண்மை. அவள் மரித்தபோது அவற்றைக் காட்டி அழுதுகொண்டு நின்றவர்கள் யார்? விதவைகள். அந்நாளில் ஆதரவற்று நின்றவர்கள் அவர்கள். பட்டுச்சேலைக்குப் பொருத்தமான ரவிக்கையைப் பாதி விலைக்குக் கேட்டு வாங்கிய யோப்பாவின் வசதியான பெண்மணி ஒருத்தியும் அந்த மேல்வீட்டறையில் இல்லை. தபீத்தாள் கொடுத்தது அவளுடைய இருதயத்திலிருந்து வந்தது. தானம் எது, யாருக்கு என்று தீர்மானித்தவள் அவள். கேட்கிறவர் தீர்மானித்தால் அது தானமாகாது, வரியாகிவிடும். விசனத்தோடும் கட்டாயத்தினாலும் கொடுப்பதைத் தேவன் விரும்புகிறதில்லை என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல், தாமே ஊசியும் நூலும் பிடித்துக் கூடாரம் தைத்தவர். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு ஒரே தொழிலைச் செய்தவர். ஒருவருடைய உணவையும் இலவசமாய் உண்ணவில்லை என்று தெசலோனிக்கேயருக்கு அவர் எழுதினார். நீதிமொழிகள் 31இல் வரும் குணசாலியான ஸ்திரீயை அன்னையர் தினத்தில் புகழாத சபை இல்லை. அவள் மெல்லிய புடவைகளை உண்டாக்கி விற்றாள் என்னும் 24ஆம் வசனத்தைப் பிரசங்கிப்பவர் மட்டும் அரிது.

தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலும் ஊசிக்குக் கூலி உண்டு. அந்தக் கூலி சிறிய காரியமாகவும் இருக்கவில்லை. இலண்டன் மிஷனரி சங்கத்தின் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அன்று அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; அடிமை முறை அங்கே சட்டப்படியே நிலவியது. பின்னிய லேஸ் விற்கப்பட்டு, பின்னியவர்களுக்குப் பணம் சேர்ந்தது. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அந்தப் பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள். அம்மையாரின் மகள் எலைசா, இராபர்ட் கால்டுவெல்லை 1844ஆம் ஆண்டு மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அத்தொழிலையும் அங்கே கொண்டுசென்றார். எண்ணிப் பாருங்கள். அந்நாளில் ஒருவர், “நாமெல்லாம் ஒரே சபை, லேஸுக்கு என்ன கணக்கு” என்று சொல்லியிருந்தால், ஒரு பெண் அடிமையாகவே இறந்திருப்பாள்.

நமக்கு இன்னும் அருகில் நடந்த ஒன்றையும் சொல்லுகிறேன். 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து ஓசூர் சாலையையே மறித்தார்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற புதிய விதியே காரணம். இரண்டாம் நாளே மத்திய அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது. அந்தப் பெண்களுக்குச் சாலையில் கூட ஒரு கூட்டம் இருந்தது. வைப்பு நிதி என்று ஒன்று இருந்தது. வீட்டு முன்னறையில் தைக்கும் நம் சகோதரிக்கு இவற்றில் எதுவுமில்லை. அவருக்குள்ள ஒரே பாதுகாப்பு உங்கள் மனச்சாட்சி. அதுவும் ஞாயிறு வாசலில் பேரம் பேசுமானால் அவர் யாரிடம் போவார்?

தைக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இல்லை என்று சொல்லுவது பாவமென்று உங்களுக்கு யார் போதித்தது? உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லும்படி ஆண்டவரே கட்டளையிட்டிருக்கிறார். துணியை வாங்கும்போதே விலையைச் சொல்லி, நோட்டுப் புத்தகத்தில் எழுதி, முன்பணம் பெற்றுக்கொள்ளுங்கள். “பார்த்துக் கொடுங்கள்” என்று சொல்லாதீர்கள். பார்த்துக் கொடுப்பவர்கள் குறைத்தே பார்க்கிறார்கள். பழைய சுடிதாரைப் பிரித்துத் தைப்பதற்கும், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதற்கும் விலை சொல்லுங்கள். சின்ன வேலை என்று விடுகிறவைதான் உங்கள் மாலைப்பொழுதையெல்லாம் தின்றுவிடுகின்றன. ஒரு விதவைக்கோ, படிக்கப் போகும் ஏழைப் பிள்ளைக்கோ இலவசமாகத் தைக்க உங்கள் உள்ளம் ஏவினால், மனமகிழ்ச்சியோடு செய்யுங்கள். அதை யாரும் தடுக்கலாகாது. ஆனால் கேட்டவர் மூக்குச் சுளிப்பாரே என்ற பயத்தில் செய்துவிட்டு, இரவில் இயந்திரத்தின் முன் முறுமுறுப்பதை ஊழியம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இறுதியாக, சபையின் காரியம். எந்தச் சபையிலும் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பாடகர் குழுவின் ரவிக்கைகள், நாடகத்துக்குத் தேவதூதர் அங்கிகள், பலிபீடத் துணி என்று எல்லாம் இரண்டு மூன்று சகோதரிகளின் வீட்டுக்குப் போய்ச் சேருகின்றன. ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் பிரியாணி மாஸ்டருக்கும் கணக்கில் தொகை எழுதுகிறார்கள். தையலுக்கு மட்டும் ‘ஊழியம்’ என்று எழுதுகிறார்கள். அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் சும்மா கொடுக்க முன்வந்தபோது, செலவில்லாமல் கிடைத்ததைக் கர்த்தருக்குப் பலியிட மாட்டேன் என்று தாவீது விலை கொடுத்து வாங்கினான். பிறருடைய இரவுத் தூக்கத்தை வாங்கி, அதை நம் காணிக்கையென்று பீடத்தில் விரிப்பது அந்தத் தாவீதின் தேவனுக்கு எப்படிப் பிரியமாயிருக்கும்?

ஆகையால் இவ்வாண்டுக்கான தையற்கூலியைத் தனி வரியாக எழுதிச் செயற்குழுவின் முன் வைத்திருக்கிறேன். துணி கொடுக்கும் நாளில் பாதி, உடை பெறும் நாளில் மீதி, அன்றைய சூரியன் அஸ்தமிக்கும் முன்னே. பணம் போதாவிட்டால் பாடகர் குழு சென்ற ஆண்டின் உடையிலேயே பாடட்டும். ஏற்கெனவே தைத்து வாங்கிக் கூலி பாக்கி வைத்திருப்பவர்கள், அடுத்த திருவிருந்து ஆராதனைக்கு முன் அதைத் தீர்த்துவிடும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். விலை அதிகமென்று ஆட்சேபிக்கிறவர்கள் அந்தச் சகோதரிகளின் வீட்டுக்குப் போக வேண்டாம், என்னிடம் வாருங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்