பொம்மைக்கும் வயது உண்டு

தசரா விடுமுறையும் தீபாவளியும் அடுத்தடுத்து வருகின்றன. சிவாஜி நகர் கடைத் தெருவிலும் மெஜஸ்டிக் நடைபாதைகளிலும் பொம்மைகள் குவியும் காலம் இது. போனஸ் பணம் கைக்கு வந்ததும் ஊருக்குப் புறப்படும் தமிழர்கள் முதலில் வாங்குவது, பிள்ளைகளுக்குத் துணிமணியும் விளையாட்டுச் சாமானும்தான். ஆண்டு முழுவதும் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்தவர்கள் பிள்ளையின் முகத்தில் சிரிப்பைக் காண விரும்புவது இயற்கை. ஆனால் சட்டை வாங்கும்போது அளவு பார்க்கிற தகப்பனார், பொம்மை வாங்கும்போது வயது பார்ப்பதில்லை.

பல பொம்மைப் பெட்டிகளின் மேல் ஒரு படம் இருக்கும். சிவப்பு வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகம், பக்கத்தில் 0-3 என்ற எண், குறுக்கே ஒரு கோடு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இது ஆகாது என்பது அதன் பொருள். ஆங்கிலமோ கன்னடமோ படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்றே படமாகப் போட்டிருக்கிறார்கள். "எங்கள் பிள்ளை கெட்டிக்காரன், சமாளித்துக் கொள்வான்" என்று அதை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்த எச்சரிக்கை பிள்ளையின் அறிவைப் பற்றியதல்ல, தொண்டையைப் பற்றியது.

கையில் கிடைத்ததை வாயில் வைத்துப் பார்ப்பது சின்னஞ்சிறு பிள்ளைகளின் சுபாவம். பொம்மைச் சோதனைக் கூடங்களில் 31.7 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம் குறுக்களவுள்ள உருளை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் துண்டு எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் மூச்சை அடைக்கக் கூடும் என்பது கணக்கு. கோலிக்குண்டும், கார் பொம்மையிலிருந்து கழன்ற சக்கரமும், வெடித்த பலூனின் கிழிசலும் இதில் சேர்ந்தவையே. பாட்டுப் பாடும் பொம்மைகளில் உள்ள பொத்தான் வடிவ பேட்டரி இன்னும் கொடியது. அதை விழுங்கி உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் குழாய் வெந்து புண்ணாகிவிடும். பேட்டரி மூடி திருகாணியால் முடுக்கப்படாத பொம்மையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நமது மக்களின் வீட்டு நிலைமை இந்த அபாயத்தைப் பெரிதாக்குகிறது. ஒற்றை அறையில் நான்கைந்து பேர் வாழும் வீட்டில் அண்ணனின் சாமான் வேறு, தம்பியின் சாமான் வேறு என்று பிரித்து வைக்க இடமில்லை. எட்டு வயதுப் பையனுக்கு வாங்கியது பத்து மாதக் குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேர அரை நிமிஷம் போதும். ஆகவே பொம்மை வாங்குகிறவர்கள், வீட்டிலுள்ள கடைக்குட்டியின் வயதையும் மனதில் கொள்ள வேண்டும்.

வயதுக்கு ஏற்றது என்பதால் செலவு கூடிவிடாது. ஒரு வயதுக்குள் கிலுகிலுப்பையும் துணிப் பந்தும் போதும். நடை பழகும் பிள்ளைக்கு மர நடைவண்டி ஏற்றது. பிள்ளையை உள்ளே உட்கார வைத்து உருட்டும் சக்கர வாக்கர் வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். மூன்று வயதுக்கு மேல் சொப்புச் சாமான், அடுக்கும் கட்டைகள், வண்ணக் குச்சிகள் கொடுக்கலாம். ஆறு, ஏழு வயதுக்குப் பல்லாங்குழி வாங்கினால் விளையாட்டோடு கணக்கும் வரும். மைசூர் ரயில் பாதையிலேயே உள்ள சென்னபட்டணத்தில், அரக்குச் சாயம் ஏற்றிய மரப் பொம்மைகள் கிடைக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகள் அவை.

தரத்திலும் கண் வேண்டும். இந்தியத் தரக் கவுன்சில் 2019-ல் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் சுமார் 67 சதவீதம் தேறவில்லை. அதன் பிறகே மத்திய அரசு, 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. 2021 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கும் புவிசார் குறியீட்டுப் பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. மற்றவற்றில் முத்திரையும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது வாங்குகிறவரின் உரிமை.

ஆயினும் முத்திரையற்ற சரக்கு நடைபாதையில் தாராளமாகப் புழங்குகிறது. பண்டிகைக்குப் பண்டிகை ஏழை வியாபாரியின் கூடையைப் பறிப்பதால் இது ஒழியாது. சரக்கு எந்தக் கிடங்கிலிருந்து புறப்படுகிறதோ அங்கே அதிகாரிகள் சோதனை நடத்த வேண்டும். மொத்த வியாபாரிகள் மீது நடவடிக்கை பாய்ந்தால் நடைபாதை தானே சீராகும்.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "என்ன விலை?" என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை வயதுக்கு?" என்று கடைக்காரரைக் கேட்கட்டும். பத்துப் பேர் கேட்டால் அவர் பதில் சொல்லக் கற்றுக்கொள்வார். நூறு பேர் கேட்டால் அதற்கேற்ற சரக்கையே வரவழைப்பார்.