பரீட்சைக் கச்சேரி

எங்கள் பாபநாசத்துப் பையன் ஒருவன் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்தான். "அது பஸ் ஸ்டாண்டு, அண்ணாச்சி! நாலரை பஸ் போய்விட்டால் ஈ காக்காய் கிடையாது, லைப்ரரியும் பூட்டிவிடும்" என்கிறான்.

பையனுக்குப் பொறுமை போதாது என்கிறார்கள் பெரியவர்கள். நான் ஒப்பமாட்டேன். 1857-இல் லண்டனைப் பார்த்துச் சென்னையில் பல்கலைக்கழகம் வைத்தபோது, பரீட்சை நடத்திப் பட்டம் கொடுப்பதே அதன் வேலை. பாடம் சொல்வது கல்லூரிகளின் பாடு. 1929-இல் சிதம்பரத்தில், மாணவர் தங்கிப் படிக்கவென்றே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. வழி தெரிந்த பிறகும் பழைய கச்சேரிப் புத்தி போகவில்லையே!

பரீட்சை எழுத ஒரு கொட்டகை போதும். வயசுப் பிள்ளைகள் கூடி வாதாடி வளரத்தான் பல்கலைக்கழகம். நூலகத்தை இரவு 9 மணி வரை திறந்து வையுங்கள், ஐயா. கடைசி பஸ்ஸை அதற்கப்புறம் விடுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.