கொட்டாம்பட்டி முதல் வண்டி, மதுரை கடைசி இட்லி

தாய்லாந்துக்குப் போய்வந்தவர்களிடம் ஊர் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். கோயில், கடற்கரை எல்லாம் அப்புறம்தான் வரும். முதலில் வருவது தெருவில் சாப்பிட்ட கதை. காலையில் ஒரு முக்கில் கஞ்சி, மத்தியானம் ஒரு வண்டிக்கடையில் நூடுல்ஸ், ராத்திரிச் சந்தையில் சுட்ட மீன் என்று ஒரு முழு நாளையும் சாப்பாட்டை வைத்தே சொல்லி முடிப்பார்கள். கேட்கிறவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

மதுரைப் பக்கத்து ஆட்களும் இப்படி வாய் பிளப்பதுதான் வேடிக்கை. ஏனென்றால் அதற்குக் கொஞ்சமும் குறையாத ஒரு நாள், விமானம் ஏறாமல், கொட்டாம்பட்டியில் பஸ் ஏறினாலே கிடைக்கும்.

கொட்டாம்பட்டி தெரியாதவர்களுக்கு: திருச்சியிலிருந்து மதுரை வரும் சாலையில், துவரங்குறிச்சிக்கும் மேலூருக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். மதுரைக்கு 50 கிலோமீட்டர் சொச்சம். பெரியாஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ், காலேஜ், கல்யாணத்துக்கு ஜவுளி என்று எது வேண்டுமென்றாலும் சுற்றுவட்டார ஜனங்கள் மதுரைக்குத்தான் போக வேண்டும். போனால் ஒரு முழு நாள் போய்விடும். அந்த நாளில் மூன்று வேளையும் வெளிச்சாப்பாடுதான்.

முதல் வண்டிக்கு நிற்பவர் முக்குக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு ஏறுவார். மேலூர் தாண்டி மாட்டுத்தாவணியில் இறங்கும்போது பூச்சந்தையும் காய்கறிச் சந்தையும் பாதி வியாபாரத்தை முடித்திருக்கும். (தாவணி என்றால் சந்தை. மாடு விற்ற இடத்தில் இப்போது பஸ் நிற்கிறது. மீனாட்சி அம்மன் கோயில் பக்கத்தில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட்டும் 2010ல் இங்கே வந்துவிட்டது.) மூட்டை தூக்குகிறவர்கள் நடுராத்திரியிலிருந்து வேலை செய்துவிட்டுப் பசியோடு இருக்கும் நேரம் அது. அந்தப் பசிக்கென்றே இட்லிக் கொப்பரைகள் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

மதுரை இட்லியைப் பற்றி ஏற்கெனவே நிறைய பேர் நிறைய எழுதிவிட்டார்கள். மல்லிகைப்பூ மாதிரி, நாலு வகைச் சட்னி, இத்யாதி. ஆனால் அதன் முக்கியமான குணம், அது காத்திருக்க வைக்காது என்பதுதான். "அண்ணே, நாலு இட்லி" என்று சொல்லி முடிப்பதற்குள் இலையில் விழுந்துவிடும். அவசரமாக வந்தவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பக்கத்திலேயே பருத்திப்பால் வண்டி நிற்கும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, அரிசி மாவு, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ போட்டுக் காய்ச்சுவது. கரிசல் நிலத்தில் பருத்தி விளைந்ததால் வந்த பானம். ஒரு டம்ளர் குடித்தால் மத்தியானம் வரை பசி எட்டிப் பார்க்காது. வேலை செய்கிறவருக்கு வேலை செய்கிறவர் கண்டுபிடித்த காலை ஆகாரம் இது.

மத்தியானம் மெஸ்களின் ராஜ்ஜியம். இலை போட்டு, சோறு கொட்டி, குழம்புகளை வரிசையாகக் கேட்பார்கள். மழை பெய்து கண்மாய் நிறைந்த காலமென்றால் அயிரை மீன் குழம்பும் இருக்கும். விரல் நீளம்கூட இல்லாத சின்ன மீன். மண் வாடை போகக் கழுவி எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும் என்பதால் வீட்டில் வைப்பவர்கள் குறைவு. அதற்காகவே மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் உண்டு.

மூன்று, நாலு மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும்போது விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ஜவுளி எடுத்துக் களைத்துப்போன குடும்பங்கள் கட்டைப்பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றபடியே குடிக்கும். காரம் வேண்டுமென்றால் மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையில் வெள்ளையப்பம்.

பொழுது சாய்ந்ததும் பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம் ஆரம்பித்துவிடும். சிம்மக்கல் பக்கம் போனால் கோனார் கடை கறிதோசை. தடிமனான தோசை, அதன் மேல் முட்டை, அதன் மேல் மசாலாவில் வெந்த ஆட்டுக் கொத்துக்கறி. ஒன்று சாப்பிட்டால் இரண்டாவதைக் கேட்க யோசிக்க வேண்டும்.

இந்த வரிசையில் ஒரு ஒழுங்கு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம், ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு கூட்டம். "மதுரையில் கட்டாயம் சாப்பிட வேண்டிய பத்து கடைகள்" என்று பட்டியல் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். காலை பதினொரு மணிக்குக் கறிதோசை தேடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மெஸ் வாசலில் நின்று மீன்குழம்பு கேட்பார்கள். அப்புறம் "மதுரைச் சாப்பாடு சொன்ன அளவுக்கு இல்லை" என்று எழுதுவார்கள். தப்பு கடையில் இல்லை சாமி, கடிகாரத்தில் இருக்கிறது!

இதற்கு நேரெதிரான சாப்பாடும் இதே திருச்சி சாலையில் உண்டு. சென்னையிலிருந்து வரும் ராத்திரி வண்டிகள் ஏதாவது ஒரு நெடுஞ்சாலை உணவகத்தில் நிற்கும். "பத்து நிமிசம் வண்டி நிக்கும்" என்று குரல் வரும். சுற்றிலும் இருட்டு. வேறு கடை கிடையாது. ஆறிப்போன தோசைக்கு அவர்கள் சொன்னதுதான் விலை. தண்ணீர் பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்குவது நியாயமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சண்டை போட்டால் வண்டி போய்விடும் என்பதும் தெரியும். அந்தத் தோசைக்கும் மாட்டுத்தாவணி இட்லிக்கும் உள்ள வித்தியாசம் கைப்பக்குவம் மட்டும்தானா? நெடுஞ்சாலையில் சாப்பிடுகிறவர் மறுபடி வரப்போவதில்லை, வந்தாலும் அவர் தேர்ந்தெடுத்து வரவில்லை. மதுரையில் இட்லி கல்லு மாதிரி இருந்தால் பத்தடி தள்ளி இன்னொரு வண்டி நிற்கிறது. அந்தப் பத்தடிதான் மதுரைச் சாப்பாட்டின் ரகசியம்.

ஆகவே அந்த இன்னொரு வண்டி அங்கே நிற்க வேண்டும். ராத்திரியிலும் நிற்க வேண்டும். கவலைப்பட வேண்டிய விஷயம் இதுதான்.

ராத்திரிக் கடையில் சாப்பிடுகிறவர்கள் யார்? செகண்ட் ஷோ விட்டு வருகிற இளவட்டங்கள் என்று நினைப்பவர்கள் ஒருநாள் கோரிப்பாளையம் பக்கம் போய்ப் பார்க்கட்டும். அங்கே அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், தேனி, திண்டுக்கல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிற இடம். உள்ளே ஒருவர் படுக்கையில் இருந்தால் வெளியே இரண்டு பேர் காத்திருப்பார்கள். டாக்டர் என்ன சொல்வாரோ என்று பகலெல்லாம் வாசலைவிட்டு நகராதவர், ராத்திரி பதினொரு மணிக்குத்தான் தனக்கும் வயிறு இருக்கிறது என்று நினைத்துப் பார்ப்பார். கொட்டாம்பட்டிக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிட முடியாது. பெரிய ஓட்டலுக்குள் நுழையக் கையில் காசில்லை. 2013ல் வந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி உண்டு. நல்ல திட்டம்தான், ஆனால் நடுராத்திரியில் அது திறந்திருக்காது. அவருக்கு மிச்சமிருப்பது தள்ளுவண்டி இட்லி. கடைக்கார அக்கா முகத்தைப் பார்த்தே, "யாருக்குண்ணே முடியல?" என்று கேட்டபடி இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவார்.

ஊரைத் தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பழமையும் சும்மா சொன்னதில்லை. சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி இந்த ஊரின் பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் தனித்தனியாகச் சொல்கிறது. இன்று தாய்லாந்தின் ராத்திரிச் சந்தையைப் படம் பிடித்து வருகிறார்களே, அதற்கு ஒரு பெயரே வைத்திருந்த ஊர் இது. ஆனால் அந்த அல்லங்காடியை நடத்துகிறவர் ஒவ்வொரு ராத்திரியும் அடுப்பை எப்போது அணைக்கச் சொல்வார்களோ என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டே தோசை ஊற்ற வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019ல் தமிழக அரசு கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று மூன்று ஆண்டுகளுக்கு அனுமதி தந்தது. 2022ல் அதை நீட்டித்தது. ஆனால் அந்த அனுமதி பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் நடத்துகிற இட்லி வண்டியில் பத்து பேரை எங்கே நிறுத்துவது? வண்டிக்கடைக்காரர்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது. 2014ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம். முதலில் கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் தர வேண்டும், அதற்கு முன்னால் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, இடத்தை முடிவு செய்யும் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பயமில்லாமல் வியாபாரம் செய்கிற நாள் எல்லாருக்கும் வர வேண்டாமா?

"நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள், தட்டு கழுவுகிற தண்ணீரைப் பார்த்தால் சாப்பிடத் தோன்றாது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே வாளித் தண்ணீரில் நூறு தட்டு முக்குவதை யாரும் ஆதரிக்க முடியாது. 2006ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வண்டிக்காரரும் பதிவு செய்துகொண்டாக வேண்டும். ஆனால் அந்த ஒரு வாளித் தண்ணீரை அவர் விரும்பியா வைத்திருக்கிறார்? தெருவில் குழாய் இல்லை, சாக்கடை இணைப்பு இல்லை. கோரிப்பாளையத்திலும் மாட்டுத்தாவணியிலும் ஓர் ஓரமாக இடம் ஒதுக்கி, ஒரு குழாய், ஒரு விளக்கு, ஒரு குப்பைத் தொட்டி கொடுத்துவிட்டு அப்புறம் சுத்தம் கேட்டால் அது நியாயம்.

மற்ற ஊர்கள் இதைச் செய்திருக்கின்றன. சிங்கப்பூர் 1970களில் தெருவில் நின்ற சமையல்காரர்களைத் தண்ணீரும் வடிகாலும் உள்ள கூடங்களுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தது. அங்கே நம் பரோட்டா "பிராட்டா"வாக இன்றும் விற்கிறது. 2020ல் யுனெஸ்கோ அந்த உணவுக்கூடப் பண்பாட்டையே தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பாங்காக்கோ வேறு வழியில் போகப் பார்த்தது. 2017ல் பெரிய சாலைகளின் நடைபாதைக் கடைகளை அகற்றப் போவதாக அறிவித்தார்கள். உலகமெங்கும் கூச்சல் எழுந்ததும் பேர்பெற்ற இரண்டு பகுதிகளில் மட்டும் இருக்கட்டும் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த மிச்செலின் கையேடு, அந்த ஊரின் ஜெய் ஃபாய் என்ற தெருவோரச் சமையல்கார அம்மாவுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. நண்டு ஆம்லெட்டுக்குப் பேர்போனவர். விரட்டுகிற கையும் விருது கொடுக்கிற கையும் ஒரே வருசத்தில்!

மதுரைக்கு நட்சத்திரமெல்லாம் வேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அடுப்பு எரிந்தால் போதும். பேர்போன கடைகள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்; இன்னொரு ஊரில் கிளை திறக்கும், பெட்டியில் அடைத்தும் விற்கும். பேரில்லாத வண்டிக்கு அந்தத் தெருமுனையையும் அந்த நேரத்தையும் விட்டால் வேறு முதல் கிடையாது.

அடுத்த தடவை தாய்லாந்து போய் வந்தவர் ராத்திரிச் சந்தைப் படம் காட்டினால் ரசித்துப் பாருங்கள், தப்பில்லை. அப்படியே ஒருநாள் கொட்டாம்பட்டியில் முதல் வண்டி ஏறி, கடைசி வண்டியைத் தவறவிட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, பேர்ப்பலகை இல்லாத வண்டியில், நாலு இட்லி. பக்கத்தில் நின்று சாப்பிடுகிறவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். நிச்சயம் மதுரை என்று சொல்ல மாட்டார்.