மடி மெத்தை ஆகலாம்... சீட் பெல்ட் ஆகுமா?

பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண்ணையும் பிள்ளையையும் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்கு அனுப்ப நாள் பார்க்கிறோம். ராகு காலம், எமகண்டம் எல்லாம் தள்ளி நல்ல நேரத்தில் கார் கிளம்புகிறது. டிக்கியில் தொட்டில், பால் பாத்திரம், முறுக்கு டின் எல்லாம் உருளாமல் இருக்கக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியாகிவிட்டது. அந்தக் காரில் எதனாலும் கட்டப்படாமல் போவது யார் தெரியுமா? பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருக்கும் குட்டிப் பாப்பாதான்!

"மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா? உயிரே போனாலும் பிள்ளையை விட்டுடுவேனா?" என்று பாட்டி கேட்பார்கள். பாசத்தில் சந்தேகமே இல்லை. ஆனால், விபத்து பாசத்தைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது வேகத்தையும் எடையையும் மட்டும்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நிற்பது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அந்தக் கணத்தில் 5 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, 100 கிலோ மூட்டையைத் தாங்கும் பலம் கைக்கு வேண்டும். அதுவும் கண் இமைக்கும் நேரத்துக்குள்! பயில்வானுக்கே முடியாது, பாட்டிக்கு எப்படி முடியும்? நம் நாற்கர சாலைகளில் கார்கள் 50-லா போகின்றன? வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் உக்கிரம் நான்கு மடங்கு.

"சரி, என் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துப் போட்டுக்கறேன்" என்கிறார்கள் சிலர். இது இன்னும் ஆபத்து. மோதும்போது அம்மாவின் மொத்த எடையும் முன்னால் சாய்ந்து, குழந்தையை பெல்ட்டோடு வைத்து நசுக்கிவிடும். பின்சீட்டில் தூளி கட்டுவது, இரண்டு தலையணைக்கு நடுவில் படுக்க வைப்பது, முன்சீட்டில் அப்பா மடியில் வைத்து வேடிக்கை காட்டுவது... எதுவுமே உதவாது. முன்சீட்டில் இன்னொரு வில்லனும் உண்டு: ஏர்பேக். பெரியவர்களைக் காப்பாற்றும் அதே பை, விரியும் வேகத்தில் கைக்குழந்தையின் உயிருக்கே உலை வைத்துவிடும்.

அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையோடு நெடுந்தூரம் காரில் போவதென்றால், குழந்தைக்கென்று தனி சீட் வேண்டும். அது இல்லையா... காரில் போக வேண்டாம். ரயிலில் போங்கள்.

கடைகளில் 'பேபி கார் சீட்' என்று கேட்டால் தருவார்கள். பிறந்த குழந்தைக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள். இந்தியத் தர எண் ஏ.ஐ.எஸ். 072, அல்லது ஐரோப்பியத் தர எண்களான ஆர் 44, ஆர் 129-ல் ஒன்று அதில் அச்சாகியிருக்க வேண்டும். அதைக் காரின் பின்சீட்டில், குழந்தையின் முகம் காரின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கும்படி மாட்ட வேண்டும். "ஐயோ, ரோட்டைப் பார்க்காம பிள்ளை எப்படி வரும்?" என்று பதற வேண்டாம். காரணம் இருக்கிறது. பெரியவர்களுக்கு உடல் நீளத்தில் எட்டில் ஒரு பங்குதான் தலை. பிறந்த குழந்தைக்கோ நான்கில் ஒரு பங்கு! கழுத்தோ இளந்தண்டு. முன்னோக்கி உட்கார்ந்திருந்தால், மோதும்போது அந்தக் கனத்த தலை முன்னால் வீசப்பட்டு, கழுத்துதான் அத்தனையும் தாங்க வேண்டும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே ஏந்திக்கொள்ளும். ஆர் 129 விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் உட்கார வேண்டும்.

சீட்டின் வார்கள் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். வாருக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைய வேண்டும். கம்பளி, பொதபொதவென்று துண்டு எல்லாம் சுற்றி, அதன்மேல் வாரைப் போட்டால் வார் இறுகவே இறுகாது. பருத்திச் சட்டை போட்டு, வாரை மாட்டி, அதற்கு மேல் மெல்லிய துணியைப் போர்த்துங்கள். மாட்டிய சீட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். இன்னொன்று: விபத்தில் சிக்கிய சீட்டை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம்.

இந்த சீட்டுகள் கைக்குழந்தைகளின் விபத்து மரணங்களை 71 சதவிகிதம் குறைக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுச் சட்டமும் சும்மா இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஹெல்மெட்டுக்கு மடக்கும் அளவுக்கு இதற்கு யாரும் மடக்குவதில்லை. அதனால் நாமும் மறந்துவிட்டோம். போலீஸ் கேட்டால்தான் பிள்ளையைப் பாதுகாப்போமா என்ன?

குழந்தைக்கு அருகில் உட்காரும் அம்மாவும் பெல்ட் போட வேண்டும். பின்சீட்டில் பெல்ட் போடாதவர் மோதலின்போது தூக்கி வீசப்பட்டு, பக்கத்தில் இருக்கும் குழந்தையின் மீதே விழலாம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் கார் விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த, உறுதியான கார்தான். பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது.

"அந்தக் காலத்துல அஞ்சு பிள்ளைகளையும் அம்பாஸடர்ல மடியிலேயே வெச்சுக்கிட்டுத் திருச்செந்தூர் போய் வந்தோமே, என்ன ஆயிடுச்சு?" என்று கேட்கும் பெரியவர்களுக்குப் பதில் சொல்ல மருமகள்கள் திணறுவார்கள். நான் சொல்கிறேன். அந்தக் காலத்து ரோடு வேறு, வேகம் வேறு. மாட்டு வண்டியும் லாரியும் மறிக்க, 40-ல் 50-ல் ஊர்ந்து போன பயணம் அது. அதிலும் விபத்துகள் நடந்தன. தப்பித்தவர்கள்தானே இன்று கதை சொல்ல இருக்கிறார்கள்?

சரி, சீட் வாங்கியாகிவிட்டது. இனி இஷ்டம்போல் பறக்கலாமா? கூடாது! சீட்டில் குழந்தை பாதி சாய்ந்த நிலையில் இருக்கிறது. கழுத்து நிற்காத குழந்தைக்குத் தூக்கத்தில் தலை முன்னால் கவிழ்ந்து, தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குழல் மடங்கலாம். சத்தமே இல்லாமல் மூச்சு திணறலாம். அதனால் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் சீட்டில் வைக்காதீர்கள். பச்சிளம் குழந்தை என்றால் அதற்கும் முன்பே நிறுத்துங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தபடியே வர வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும், "தூங்குதே, எழுப்புவானேன்" என்று சீட்டிலேயே விட்டுவிடாமல், எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, இருதயம் அல்லது சுவாசக் கோளாறு உள்ள குழந்தை என்றால், பயணமே போகலாமா என்று முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் போனால் எட்டு மணி நேரம் பிடிக்கும். குழந்தையோடு என்றால் பதினொரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாதா? திருச்சியில் சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ ஓர் இரவு தங்குங்கள். "ராத்திரியில கிளம்பினா பிள்ளை தூங்கிடும், வெயிலும் இருக்காது" என்பார்கள். பிள்ளை தூங்கும், டிரைவருக்கும் தூக்கம் வருமே! பின்னிரவு 2 மணியிலிருந்து விடியும் வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். விடிந்த பிறகு கிளம்பி, இருட்டுவதற்குள் போய்ச் சேருவதே நல்லது.

பால் கொடுக்க வேண்டுமா? வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டிவிட்டுக் கொடுங்கள். ஓடும் காரில் குழந்தையை சீட்டிலிருந்து எடுத்துப் பால் கொடுப்பதும், சீட்டில் சாய்த்தபடியே புட்டிப் பால் புகட்டுவதும் வேண்டவே வேண்டாம். கொடுத்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் கிளம்பலாம். 2015-லிருந்து நம் மாநிலத்துப் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் இருக்கின்றன. கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். வெயில் என்று தண்ணீர் புகட்ட வேண்டாம். இன்னும் ஒரு தடவை பால் கொடுங்கள். அம்மா நிறையத் தண்ணீர் குடிக்கட்டும்.

ஏஸி காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். குளிருகிறதா, புழுங்குகிறதா என்பதைக் கை கால்களைத் தொட்டு முடிவு செய்யாதீர்கள். நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட்டுப் பாருங்கள். வெயிலில் நின்ற காரில் பெல்ட்டின் உலோகக் கொக்கி சூடேறியிருக்கும். உங்கள் கையை வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: காபி குடிக்கும் ஐந்து நிமிடம்தானே என்று தூங்கும் குழந்தையைக் காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி செல்ஷியஸ் வரை வெப்பம் கூடிவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகச் சூடாகும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை.

அழாமல் வரட்டும் என்று இருமல், சளி சிரப்பைக் கொடுத்துத் தூங்க வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து கூடாது! சளிக்குக் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவுறுத்தியது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டாலோ, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033 உண்டு.

"இதெல்லாம் சரி, சீட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யணுமே?" செய்யத்தான் வேண்டும். வாடகைக் காரில் போகிறவர்களும் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டால், எந்த வண்டியிலும் மாட்டிக்கொள்ளலாம். அக்கா பிள்ளை வளர்ந்ததும் தங்கை பிள்ளைக்கு ஆகும். வாங்கவே முடியாதா? குழந்தை கொஞ்சம் வளரும் வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், அல்லது ரயிலில் கீழ் பர்த் எடுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனி பர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே தேவையில்லை.

பேர் வைக்கும் விழாவுக்குத் தாய்மாமன் கொலுசு போடுகிறார். தாத்தா அரைஞாண் போடுகிறார். அத்தை வளையல் போடுகிறார். மூன்று மாதத்தில் வளையல் சின்னதாகிவிடும், கொலுசு பெட்டிக்குள் போய்விடும். இந்தத் தடவை யாராவது ஒருவர் சீர்த்தட்டில் ஒரு பேபி கார் சீட்டையும் வைத்துக் கொடுங்களேன். பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கார் நின்றதும் முதலில் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சப்போவது அவர்கள் மடியில்தானே!