மக்கமாரு வரும் மாதம்

டிசம்பர் 3-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத் தேருக்காக மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை விடும். ஆரல்வாய்மொழியைத் தாண்டி காவல்கிணறுக்குப் போய்விட்டால் அது சாதாரண வேலைநாள். விடுமுறை இனாமாகவும் வருவதில்லை. ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராத விடுமுறை என்பதால் வங்கிகளும் திறந்திருக்கும். அந்தச் சனிக்கிழமையைத் திட்டாத பிள்ளை நாகர்கோவிலில் இருக்க வாய்ப்பில்லை.

சவேரியார் இந்தக் கடற்கரைக்கு வந்தது 1544-இல். 1552 டிசம்பர் 3 அவர் இறந்த நாள். அதுவே திருவிழா நாள். தேருக்குப் பின்னால் தரையில் உருண்டு நேர்ச்சை செலுத்துபவர்களில் இந்துக்களும் உண்டு. அதே கோட்டாற்றிலிருந்து மார்கழித் திருவிழாவுக்காக வலம்புரி விநாயகர் சுசீந்திரம் கோவிலுக்குக் கிளம்புவார். வேளிமலையிலிருந்தும் மருங்கூரிலிருந்தும் முருகன் வருவார். தாய் தகப்பன் வீட்டுத் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வரும் மூன்றாம் நாள் இரவுக்கு ‘மக்கள்மார் சந்திப்பு’ என்று பெயர். நாஞ்சில் நாட்டில் பிள்ளைகள் என்றால் மக்கமாரு.

“மக்கமாரு எப்ப வாறாவ?” டிசம்பரில் நாகர்கோவில் வீடுகளில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். ஒரு காலத்தில் இது கோவில் வாசலில் மட்டும் கேட்ட கேள்வியாக இருந்திருக்கும். இங்கிருந்து திருநெல்வேலிக்கு ரயில் ஓடத் தொடங்கியதே 1981-இல்தான். இப்போது படித்த பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அலுவலகத்துக்குக் கோட்டாறும் தெரியாது, சுசீந்திரமும் தெரியாது. எனவே தேருக்கு வர முடியாதவர்கள் கிறிஸ்மஸ் வாரத்தில் வருகிறார்கள். ஞானஸ்நானம், பெண் பார்ப்பது, பால் காய்ச்சுவது எல்லாம் அந்த வாரத்துக்கே தள்ளிப்போகின்றன. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால், ஐப்பசி மழையோடு கிறிஸ்மஸ் டிக்கெட் கவலையும் சேர்ந்துகொள்கிறது.

பண்டிகைக்கு அடையாளம் முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி; உள்ளே சிறுபயறு. வறுத்துப் பொடித்த பயறோடு தேங்காய், எள், ஏலம் சேர்த்துச் சர்க்கரைப் பாகில் பிசைந்து உருட்ட வேண்டும். (இங்கே சர்க்கரை என்றால் வெல்லம்.) உருண்டை சற்று காய்ந்தபின் மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கி, மூன்று நான்கை ஒன்றோடொன்று ஒட்ட எண்ணெயில் போட்டால் கொடிமுந்திரிக் குலைபோல் மிதக்கும். பாகு முற்றினால் கல், பதம் குறைந்தால் எண்ணெயில் கரைந்துவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடினால்தான் ஒரு வீட்டுக்கு வேண்டியது ஒரு பகலில் முடியும்.

இன்று பல வீடுகளில் அது வாட்ஸ்அப்பில் சொல்லி வாங்கும் பலகாரம். கிலோ கணக்கில் செய்து கொடுக்கும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். டப்பாவில் அடைத்துக் கூரியரில் வெளியூருக்கும் போகிறது. பழைய சுவை போய்விட்டதென்று வருத்தப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் அந்த அடுப்பின் முன் உட்காராத ஆண்கள். இடுப்பொடியச் சும்மா செய்து கொடுத்த வேலைக்கு இப்போது அதே பெண்களுக்குக் காசு வருகிறது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வருத்தப்பட வேண்டியது பஜனைக்கு. கிறிஸ்மஸுக்கு முந்தைய இரவுகளில் சபைப் பிள்ளைகள் விளக்கோடு வீடு வீடாக நடந்து பாடுவார்கள். யார் வீட்டில் நாய் அவிழ்த்து விட்டிருக்கிறது, யார் வீட்டில் கட்டன்சாயா கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நட்சத்திரம் தொங்காத வீடானாலும் கதவு திறக்கும். இன்று டெம்போவில் ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், முகமூடித் தாத்தா. பாட்டு தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் பால்கனியிலிருந்து செல்போனில் படமெடுக்கிறார்கள். 2019-இல் மாநகராட்சியான ஊருக்கு அடுக்குமாடியும் பூட்டிய கேட்டும் வந்தது இயல்பு. ஆனால் ஒலிபெருக்கியை இறக்கிவிட்டுப் பத்துப் பையன்களைக் கூட்டிக்கொண்டு நடக்க மாநகராட்சி எங்கே தடுத்தது? மூங்கில் சீவி வர்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரம் போய் எல்.இ.டி. வந்தது பெரிய இழப்பில்லை. தெருவில் கால் வைக்காத பஜனையை அப்படி விட்டுவிட முடியாது.

புதிதாகவும் வழக்கங்கள் முளைக்கின்றன. 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறை கோட்டாறு பேராலயத்தில்தான் இருக்கிறது. 2022 மே 15-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபின், சவேரியாரைப் பார்க்க வருகிறவர்கள் அங்கேயும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள்.

சுசீந்திரத்தில் தேர் நிலைக்கு வந்த இரவு சப்தாவர்ணம். பெற்றோரைப் பிரிய மனமில்லாமல் பிள்ளைகளின் வாகனங்கள் முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருக்கும். கோட்டாற்றில் உள்ள ரயில் நிலையத்துக்கும் நாகர்கோவில் சந்திப்பு என்றுதான் பெயர். ஜனவரி முதல் வாரத்தில் அங்கே ஜன்னல் வழியாக ஒரு அம்மா முந்திரிக்கொத்து டப்பாவை உள்ளே திணிக்கப் பார்ப்பாள். ஏ.சி. பெட்டியாகப் போய்விட்டதால் ஜன்னல் திறக்காது. கதவுப் பக்கம் ஓடுவாள்.